வீட்டை வாங்கியும் குத்தகைதாரர்: நியூயார்க் கோ-ஆப், காண்டோ சண்டைகளின் சட்டப் பின்னணி

2000ஆம் ஆண்டு ஜூன் மாதம், மன்ஹாட்டனின் மேற்கு 67ஆவது தெருவில் 40ஆம் எண் கட்டடத்துக்காரர்கள் கூட்டம் போட்டு வாக்கெடுப்பு நடத்தினார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே குடிவந்த ஒருவரை வெளியேற்றுவதா வேண்டாமா என்பதுதான் விஷயம். வெளியேற்றலாம் என்று 2,048 ஷேர்கள். வேண்டாம் என்று ஒன்றுகூட இல்லை.

மாடியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்த ஒரு தம்பதியைப் பற்றி அவர் புகார் மேல் புகாராக எழுதிவந்தார். இரவெல்லாம் டிவியும் ஸ்டீரியோவும் அலறுகின்றன, வீட்டுக்குள்ளேயே திருட்டுத்தனமாக புக் பைண்டிங் தொழில் நடக்கிறது, அதற்கு நச்சு ரசாயனங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் குற்றச்சாட்டு. கட்டடத்தை நிர்வகிக்கும் போர்டு விசாரித்தது. அந்த வீட்டில் டிவியும் இல்லை, ஸ்டீரியோவும் இல்லை, பைண்டிங் தொழிலுக்கான அடையாளமும் இல்லை. அவர் விடவில்லை. துண்டறிக்கைகள் விநியோகித்தார், அடுத்தடுத்து வழக்குப் போட்டார், அனுமதி வாங்காமல் தன் வீட்டுக்குள் வேலைகள் செய்தார். கடைசியில் கட்டடமே திரண்டு அவரை வேண்டாம் என்றது. 2003இல் மாநிலத்தின் உச்சநிலை நீதிமன்றமும் அந்த முடிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இத்தனைக்கும் அவர் வாடகைக்கு வந்தவர் இல்லை. காசு கொடுத்து வாங்கிக் குடியேறியவர். காசு கொடுத்து வாங்கியவரை அக்கம்பக்கத்தார் ஓட்டுப் போட்டு வெளியே அனுப்ப முடியுமா? நியூயார்க் கோ-ஆப்பில் முடியும். ஏன் முடியும் என்பதைப் புரிந்துகொண்டால் அந்த ஊரின் அடுக்குமாடி வழக்குகளில் பாதி புரிந்துவிடும்.

கோ-ஆப்பில் யாரும் வீட்டை வாங்குவதில்லை. கட்டடம் முழுக்க ஒரு கம்பெனிக்குச் சொந்தம். வாங்குபவருக்குக் கிடைப்பது அந்தக் கம்பெனியில் சில நூறு ஷேர்கள், கூடவே தன் அபார்ட்மென்ட்டில் குடியிருக்க ஒரு நீண்டகாலக் குத்தகை ஒப்பந்தம். ஆகவே அவர் ஒரே சமயத்தில் முதலாளியும் குத்தகைதாரரும். கம்பெனிக்கு வரும் சொத்துவரி, கட்டடத்தின் பேரில் இருக்கும் கடன், எண்ணெய், எரிவாயு, வாசல் காவலர் சம்பளம் எல்லாம் ஷேர் கணக்கில் பிரிந்து மாதாமாதம் மெயின்டனன்ஸ் என்று வரும். கட்டடத்தின் கடனைக் கம்பெனி கட்டத் தவறினால், தன் பங்கை ஒழுங்காகக் கட்டியவருக்கும் ஆபத்துதான்.

காண்டோ வேறு. அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பத்திரம், தனி வரி ரசீது. படிக்கட்டு, லிஃப்ட், கூரை, நிலம் ஆகியவற்றில் பிரிக்கப்படாத பங்கு. சென்னையில் யூடிஎஸ் (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு) பார்த்துப் பார்த்து ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கு இது பழகிய ஏற்பாடு. கோ-ஆப்தான் நமக்குப் புதிது.

நியூயார்க்கில் கோ-ஆப்தான் மூத்தது. 1916இல் புரூக்ளினின் சன்செட் பார்க் பகுதியில் ஃபின்லாந்திலிருந்து வந்த தொழிலாளர்கள் கூடிக் கட்டிக்கொண்ட வீடுகளும், 1927இல் பிராங்க்ஸில் ஆடைத் தொழிலாளர் சங்கம் எழுப்பிய குடியிருப்பும் லாபநோக்கில்லாமல் தொடங்கியவை. பணக்காரர்களோ வேறு காரணத்துக்காக இந்த முறையைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் யார் குடியிருக்க வேண்டும் என்பதைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் அல்லவா! காண்டோவுக்கான மாநிலச் சட்டம் 1964இல்தான் வந்தது. அப்புறம் எழுபது, எண்பதுகளில் வாடகைக் கட்டடங்கள் வரிசையாகக் கோ-ஆப்களாக மாறின. அன்றுவரை வீட்டு ஓனரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த லட்சக்கணக்கானோர், இனிமேல் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போட வேண்டிய நிலைக்கு வந்தது அப்போதுதான்.

அந்தச் சண்டைகள் நீதிமன்றத்துக்கு வந்தபோது நீதிபதிகளுக்கு ஒரு குழப்பம். போர்டை வீட்டு ஓனராகப் பார்ப்பதா, சின்ன நகராட்சியாகப் பார்ப்பதா, கம்பெனியின் இயக்குநர் குழுவாகப் பார்ப்பதா? 1990இல் ஐந்தாவது அவென்யூவின் முதலாம் எண் கட்டடத்து வழக்கில் இதற்கு விடை வந்தது. விவகாரம் என்னமோ ஒரு நீராவிக் குழாய்தான். சமையலறையைப் பெரிதாக்க நினைத்த ஒருவர், கட்டடம் முழுக்க மேலேறும் குழாயைக் கொஞ்சம் நகர்த்திவைத்தார். குழாயில் கைவைக்கக் கூடாது என்பது கட்டடத்தின் கொள்கை. போர்டு வேலையை நிறுத்தச் சொன்னது. வழக்குப் போட்டவர் சாதாரணக் குடியிருப்பாளர் அல்ல. வேலையைத் திட்டமிட்ட காலத்தில் அந்தப் போர்டுக்கே தலைவராக இருந்தவர்.

நீதிபதி ஜூடித் கேய் எழுதிய அந்தத் தீர்ப்பு, கம்பெனி இயக்குநர்களுக்கு இருக்கும் அதே பாதுகாப்பைக் கோ-ஆப் போர்டுக்கும் கொடுத்தது. போர்டின் முடிவு புத்திசாலித்தனமானதா, நியாயமானதா என்று நீதிமன்றம் தோண்டிப் பார்க்காது. மூன்றே இடங்களில்தான் தலையிடும். போர்டு தன் அதிகாரத்தை மீறியிருக்க வேண்டும், அல்லது கட்டடத்தின் நலனைத் தவிர வேறு நோக்கத்துக்காகச் செய்திருக்க வேண்டும், அல்லது கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றை நிரூபிக்கும் பாரம் வழக்குப் போட்டவர் தலையில். காண்டோ போர்டுகளுக்கும் நீதிமன்றங்கள் இதே அளவுகோலைத்தான் வைக்கின்றன.

67ஆவது தெருக்காரர் தோற்றதும் இதனால்தான். அவர் உண்மையிலேயே தொல்லை கொடுத்தாரா என்று நீதிமன்றம் புதிதாக விசாரணை நடத்தவில்லை. குத்தகை ஒப்பந்தத்தில் சொன்னபடி கூட்டம் கூட்டினார்களா, போதுமான ஓட்டு விழுந்ததா, உள்நோக்கம் ஏதும் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தது. இதைப் படித்துவிட்டு, பிடிக்காதவரையெல்லாம் துரத்திவிடலாம் என்று கிளம்பிய போர்டுகளும் உண்டு. கீழ் நீதிமன்றங்களில் அவை அடிவாங்கியதும் உண்டு. நோட்டீஸ் ஒழுங்காகத் தராதது, எதிர்த்தரப்பு பேச வாய்ப்புத் தராதது, பழைய பகையைத் தீர்த்துக்கொள்வது ஆகியவை தெரிந்துவிட்டால் அந்தக் கவசம் நழுவிவிடும்.

பணமும் பராமரிப்பும் சம்பந்தப்பட்ட முடிவுகளில் இந்த ஒதுங்கல் சரி என்றே நினைக்கிறேன். கூரையை எந்த ஒப்பந்தக்காரரிடம் கொடுப்பது என்பதை நீதிபதி எப்படி முடிவு செய்வார்? ஆனால் யாரை உள்ளே விடுவது என்பதிலும் இதே சலுகை கிடைக்கிறது. அங்கேதான் இடிக்கிறது.

கோ-ஆப்பில் ஷேர் வாங்க விரும்புகிறவர் விலை பேசி முடித்தபின் போர்டுக்கு ஒரு விண்ணப்பக் கட்டு கொடுக்க வேண்டும். வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு விவரம், வேலை செய்யும் இடத்திலிருந்து கடிதம், நண்பர்களிடமிருந்து நற்சான்று. பெண் பார்க்க வருவது மாதிரி அப்புறம் ஒரு நேர்காணல். பிடிக்கவில்லை என்றால் நிராகரிக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ரிச்சர்ட் நிக்சன் ஜனாதிபதி பதவியை விட்டபின் 1979இல் மன்ஹாட்டனில் கோ-ஆப் வாங்கப் பார்த்து முடியாமல், கடைசியில் தனி வீடு வாங்கினார். மடோனாவையும் எண்பதுகளில் ஒரு கட்டடம் வேண்டாம் என்றது. ஜனாதிபதிக்கும் பாடகிக்கும் வேறு இடம் கிடைத்துவிடும். ஆசிரியருக்கும் நர்ஸுக்கும் விற்பனையே முறிந்துபோகிறது, விற்கிறவருக்கும் நஷ்டம்.

காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், தகாத காரணம் இருக்கக் கூடாது. இனம், மதம், பிறந்த நாடு, பாலினம், உடற்குறை, குழந்தைகள் இருப்பது என்று கூட்டரசுச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நியூயார்க் நகரின் மனித உரிமைச் சட்டப் பட்டியல் இன்னும் நீளம். அதில் சட்டபூர்வமான தொழில் என்பதும் ஒன்று. இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1977இல் ஒரு வாடகைக் கட்டடத்துக்காரர் ஒரு பெண் வக்கீலுக்கு வீடு தர மறுத்தார். வக்கீலை உள்ளே விட்டால் எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவார் என்பது அவர் கவலை. அது தடைசெய்யப்பட்ட பாகுபாடு அல்ல என்று நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பிற்பாடுதான் நகரம் தொழிலையும் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. வக்கீல்களுக்கே சட்டம் போட்டுத்தான் வீடு வாங்கித் தர வேண்டியிருந்தது!

பட்டியல் இருந்தென்ன, காரணமே சொல்லாதபோது பாகுபாட்டை எப்படி நிரூபிப்பது? சில வழக்குகளில் போர்டு உறுப்பினர்களே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்கள். மன்ஹாட்டனின் பீக்மன் ஹில் ஹவுஸ் கட்டடத்தில் கறுப்பின விண்ணப்பதாரர் ஒருவருக்கு உள்வாடகை மறுக்கப்பட்ட வழக்கில், ஜூரி போர்டுத் தலைவர் மீதே தனிப்பட்ட முறையில் தண்டத் தொகை விதித்தது. அந்தப் பணத்தைக் கம்பெனி தர வேண்டும் என்று அவர் கேட்டார். 2000இல் மாநிலத்தின் உச்சநிலை நீதிமன்றம் முடியாது என்றது. நல்லெண்ணத்தோடு செயல்பட்டவருக்குத்தான் கம்பெனி செலவை ஏற்கும். வேண்டுமென்றே பாகுபாடு காட்டியவர் தன் பையிலிருந்து கட்ட வேண்டும். ஜான் லெனன் வாழ்ந்த டகோட்டா கட்டடத்திலும் ஒரு வழக்கு. பக்கத்து வீட்டையும் வாங்க அனுமதி கேட்டு மறுக்கப்பட்டவர் கறுப்பினத்தவர், போர்டின் முன்னாள் தலைவரும்கூட. வழக்கில் அவர் ஜெயிக்கவில்லை. ஆனால் 2012இல் அதே வழக்கின் இடைக்காலத் தீர்ப்பு ஒரு விதியைத் தெளிவாக்கிவிட்டது: தவறான செயலில் நேரடியாகப் பங்கெடுத்த இயக்குநர், போர்டு உறுப்பினராகத்தான் செய்தேன் என்று சொல்லித் தனிப்பட்ட பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

நிராகரிப்புக்குக் காரணம் எழுதித் தர வேண்டும் என்று நகர மன்றத்தில் மசோதாக்கள் வருஷக்கணக்காக வந்துபோகின்றன. எழுதிக் கொடுத்தால் வழக்குகள் குவியும், போர்டில் உட்கார ஆள் கிடைக்காது என்பது எதிர்ப்பவர்களின் வாதம். வங்கியில் கடன் மறுப்பவருக்கு இல்லாத இந்த ரகசியச் சலுகை இவர்களுக்கு மட்டும் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் உள்ள வெஸ்ட்செஸ்டர் கவுண்டி, விண்ணப்பத்துக்குக் காலக்கெடு வைத்து, நிராகரித்தால் மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் தர வேண்டும் என்று சட்டம் போட்டது. அங்கே கோ-ஆப்கள் இடிந்து விழுந்துவிடவில்லை.

காண்டோவில் இந்தத் தலைவலி மிகக் குறைவு. வாங்க வருகிறவரைப் பிடிக்கவில்லை என்றால், போர்டு அதே விலைக்கு அந்த வீட்டைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பணம் திரட்டுவது லேசில்லை என்பதால் அந்த உரிமையை யாரும் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. முதலீட்டாளர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் காண்டோவை நாடுவதற்கும், அதே தெருவில் காண்டோ விலை கூடுதலாக இருப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் குடியிருக்க ஆரம்பித்தபின் தராசு மறுபக்கம் சாய்கிறது. 1975இல் வந்த மாநிலச் சட்டம் ஒன்று, வாடகைக்கு விடும் வீடு மனிதர் வாழத் தக்கதாக இருக்க வேண்டும் என்று ஓனர் மீது கடமை வைக்கிறது. கோ-ஆப்காரர் குத்தகைதாரர் என்பதால் இது அவருக்கும் பொருந்தும். வெந்நீர் வரவில்லை, மேலிருந்து ஒழுகுகிறது, பூஞ்சணம் பிடித்துவிட்டது என்றால் மெயின்டனன்ஸில் கழிவு கேட்கலாம். காண்டோக்காரருக்கு இந்தச் சட்டம் உதவாது. அவர் ஓனர், தனக்குத்தானே எப்படி உத்தரவாதம் கொடுப்பார் என்று நீதிமன்றங்கள் கேட்கின்றன. கூரை ஒழுகினாலும் மாதக் கட்டணத்தைக் கட்டிவிட்டுத்தான் போர்டு மீது வழக்குப் போட வேண்டும்.

கட்டணம் கட்டாதவரைப் பிடிப்பதிலும் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. கோ-ஆப்பில் பாக்கி வைத்தால் குத்தகையை ரத்து செய்து வீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். ஷேரை விற்கும் பணத்தில் முதல் கை கோ-ஆப்புடையது, வங்கியெல்லாம் அப்புறம்தான். காண்டோவில் வங்கியின் முதல் அடமானத்துக்குப் பின்னால்தான் போர்டின் பாக்கி நிற்கும். நியூயார்க்கில் ஒரு ஜப்தி வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். அதுவரை அந்த வீட்டின் செலவை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுமக்க வேண்டும்.

நாய்க்கும் இதில் ஒரு சட்டம் இருக்கிறது. நகரின் 1983ஆம் வருஷச் சட்டப்படி, வளர்ப்புப் பிராணி கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், ஒருவர் ஒளிவுமறைவில்லாமல் நாய் வளர்ப்பதைத் தெரிந்தும் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த நாயைப் பொறுத்தவரை தடை செல்லாது. கோ-ஆப்களுக்கு இது பொருந்தும். காண்டோவுக்குப் பொருந்துமா? அது ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. புரூக்ளின், குவீன்ஸ், ஸ்டேட்டன் ஐலண்டுக்கான மேல்முறையீட்டுப் பிரிவு பொருந்தும் என்றது; மன்ஹாட்டன், பிராங்க்ஸுக்கான பிரிவு பொருந்தாது என்றது. ஒரே நகரம், ஒரே சட்டம், பாலம் தாண்டினால் நாயின் தலையெழுத்து மாறிவிடும்.

குறுகியகால வாடகையில் குழப்பம் குறைவு. 2023இல் நடைமுறைக்கு வந்த நகரச் சட்டம், முப்பது நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுகிறவர் நகரத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. எங்கள் கட்டடத்தில் இது அறவே கூடாது என்று போர்டு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துத் தடைப்பட்டியலில் சேர்ந்துகொள்ளலாம். ஏர்பிஎன்பி மாதிரி இணையதளம் வழியாக வீட்டை நாள்வாடகைக்கு விடும் தகராறுகளில் பெரும்பகுதி இதோடு முடிந்தது.

இதெல்லாம் பழைய வகைச் சண்டைகள். இன்று போர்டுகளைத் தூங்கவிடாமல் செய்வது வெளியிலிருந்து வரும் சட்டங்கள்.

1979இல் பிராட்வேயில் நடந்துபோன ஒரு கல்லூரி மாணவி மீது கட்டடத்தின் முகப்பிலிருந்து சுடுமண் துண்டு விழுந்து அவர் இறந்துபோனார். அடுத்த ஆண்டே நகரம் சட்டம் கொண்டுவந்தது. 1998இல் அது இன்னும் கடுமையானது. ஆறு மாடிக்கு மேல் உள்ள கட்டடங்கள் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வெளிச்சுவரைப் பொறியாளரை வைத்துச் சோதித்து அறிக்கை தர வேண்டும். ஆபத்தான குறை இருந்தால் சரிசெய்யும் வரை நடைபாதை மேல் கொட்டகை போட்டுவைக்க வேண்டும். நியூயார்க் தெருக்களில் எங்கு பார்த்தாலும் தெரியும் அந்தப் பச்சை மரக்கொட்டகைகள் இப்படி வந்தவைதான். வேலையை முடிக்கப் பணம் இல்லாததால், வருஷக்கணக்கில் கொட்டகைக்கு மட்டும் வாடகை கட்டிக்கொண்டிருக்கும் கட்டடங்கள் உண்டு.

2019இல் வந்த 97ஆம் எண் உள்ளூர்ச் சட்டம் இதைவிடப் பெரிது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் கார்பன் வெளியேற்றத்துக்கு அது 2024 முதல் வரம்பு வைத்தது. வரம்பைத் தாண்டினால் ஒவ்வொரு டன்னுக்கும் ஆண்டுக்கு 268 டாலர் அபராதம். 2030இல் வரம்பு இன்னும் இறுகும். முதல் கட்டத்தில் பெரும்பாலான கட்டடங்கள் தப்பிவிடும், 2030தான் பயம். எண்ணெய்க் கொதிகலனை எடுத்துவிட்டு மின்சாரத்துக்கு மாறுவது என்றால், கம்பிகளையும் குழாய்களையும் கட்டடம் முழுக்க மாற்ற வேண்டியிருக்கலாம். குவீன்ஸில் சுமார் 2,900 வீடுகள் கொண்ட கிளென் ஓக்ஸ் வில்லேஜ் கோ-ஆப்பும் வேறு சிலரும் இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். மாநிலமே காலநிலைச் சட்டம் போட்டுவிட்டபின் நகரம் தனியாகப் போட முடியாது என்பது அவர்கள் வாதம். 2025 மே மாதம் மாநிலத்தின் உச்சநிலை நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நகரச் சட்டம் நிற்கிறது. கிளென் ஓக்ஸில் இருப்பவர்கள் பென்ட்ஹவுஸ் கோடீஸ்வரர்கள் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டிய செங்கல் வீடுகளில் வாழும் நடுத்தரக் குடும்பங்கள். சட்டத்தின் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கணக்கு எழுதத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரும், சாயங்காலம் வேலை முடிந்து வரும் இரண்டு மூன்று அயலாரும் சம்பளமில்லாமல் உட்காரும் போர்டு, எரிசக்திப் பொறியியலில் கோடிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

போர்டுக்கு அதிகாரம் ஜாஸ்தி என்றே எல்லோரும் பேசுகிறோம். அதிகாரம் இருந்தும் அதைப் பயன்படுத்தத் தயங்கினால் என்ன ஆகும் என்பதை ஃப்ளோரிடா காட்டியது. மயாமிக்கு அருகே சர்ஃப்சைட் என்ற ஊரில், 1981இல் கட்டிய 12 மாடி காண்டோ சாம்ப்ளெயின் டவர்ஸ் சவுத். 2018இல் ஒரு பொறியாளர், நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள தளத்தில் நீர்த்தடுப்பு கெட்டுப்போய்க் கான்கிரீட்டுக்குப் பெரும் சேதம் என்று எழுதிக் கொடுத்தார். செலவைக் கேட்டதும் சண்டை மூண்டது. மறு ஆண்டு போர்டு உறுப்பினர்கள் பலர் அடுத்தடுத்து ராஜினாமா செய்தார்கள். 2021 ஏப்ரலில்தான் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் சிறப்பு வசூலுக்கு ஒப்புதல் கிடைத்தது. வீட்டுக்குத் தகுந்தபடி 80,000 டாலரிலிருந்து மூன்று லட்சத்துக்கு மேல். அதைக் கட்டத் தொடங்க வேண்டிய நாள் ஜூலை 1. ஜூன் 24 அதிகாலையில் கட்டடத்தின் ஒரு பெரும்பகுதி சரிந்தது. 98 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பீட்டுச் சமரசம் ஆனது.

பழுதுபார்க்க முடிவெடுத்த போர்டைச் சட்டம் எப்போதும் காப்பாற்றியிருக்கும். பழுதுபார்த்தே ஆக வேண்டும் என்று அதன் கழுத்தைப் பிடிக்கும் சட்டம்தான் பலவீனமாக இருந்தது. நாற்பது வருஷம் கழித்து ஒரு மறுசான்று வாங்க வேண்டும் என்ற உள்ளூர் விதி இருந்தது, அவ்வளவுதான். பராமரிப்பு நிதி சேர்க்க வேண்டாம் என்று உரிமையாளர்களே வருஷா வருஷம் ஓட்டுப் போட்டுத் தள்ளிவைக்கவும் ஃப்ளோரிடா சட்டம் இடம் கொடுத்திருந்தது. மாதக் கட்டணத்தைக் குறைப்பேன் என்று சொல்பவரே தேர்தலில் ஜெயிப்பார். 2022இல் மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள பழைய கட்டடங்களுக்குக் கட்டாயச் சோதனை, கட்டமைப்புப் பாகங்களுக்குத் தனி நிதி, அதைத் தள்ளிவைக்க ஓட்டுப் போடத் தடை. விளைவு, மாதக் கட்டணங்கள் எகிறின. பென்ஷனில் வாழும் முதியவர்கள் பலர் விற்றுவிட்டுப் போக வேண்டிவந்தது. 2025இல் சில தளர்வுகள் கொடுத்தார்கள்.

சர்ஃப்சைடின் அதிர்வு நியூயார்க்குக்கு நீதிமன்றம் வழியாக வரவில்லை, வங்கி வழியாக வந்தது. அமெரிக்க வீட்டுக் கடன்களில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும் ஃபானி மே, ஃப்ரெடி மேக் இரண்டும், பெரிய பழுதுகளைத் தள்ளிப்போடும் கட்டடங்களில் கொடுத்த கடனை இனி வாங்கமாட்டோம் என்றன. கட்டடத்தின் நிலை குறித்துப் பக்கம் பக்கமாகக் கேள்வித்தாள் வந்து நிற்கிறது. அதில் ஒரு பதில் தவறாகப் போனால், அந்தக் கட்டடத்தில் யாருக்கும் சாதாரணக் கடன் கிடைக்காது. ரொக்கம் வைத்திருப்பவரிடம்தான் விற்க முடியும். தெரிந்ததை மறைத்து எழுதினால் வழக்கு வரும், உண்மையை எழுதினால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள்.

இன்னொரு வகை ஆபத்து சில கோ-ஆப்களுக்கு அடித்தளத்திலேயே இருக்கிறது. கட்டடம் அவர்களுடையது, நிலம் வேறொருவருடையது. நிலக் குத்தகையின் வாடகையைப் பல்லாண்டுக்கு ஒரு முறை சந்தை விலைக்கு மாற்றியமைப்பார்கள். அந்த வருஷம் வரும்போது மெயின்டனன்ஸ் பல மடங்காகும். மன்ஹாட்டனின் 57ஆவது தெருவில் கார்னகி ஹவுஸ் குடியிருப்பாளர்கள் மாட்டிக்கொண்டது இதில்தான். நில வாடகை கட்டாமல் குத்தகை போய்விட்டால் ஷேருக்கு மதிப்பே கிடையாது.

போர்டு உறுப்பினரின் சொந்த லாபம் இன்னொரு பழைய புண். எண்பது, தொண்ணூறுகளில் கட்டட மேலாளர்கள் ஒப்பந்தக்காரர்களிடம் கமிஷன் வாங்கிய விவகாரத்தில் மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் பலரைக் கூண்டில் ஏற்றினார். 2018 முதல், போர்டு உறுப்பினருக்குத் தொடர்புள்ள ஒப்பந்தங்கள் எவை என்று ஆண்டுதோறும் எல்லோருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. ஒன்றும் இல்லை என்றால் இல்லை என்றே எழுதித் தர வேண்டும்.

கணக்குப் புத்தகங்களைப் பார்க்கும் உரிமை ஷேர்காரர்களுக்கும் காண்டோ உரிமையாளர்களுக்கும் உண்டு. தகுந்த நோக்கம் சொன்னால் நீதிமன்றமும் துணை நிற்கும். இப்போது வாங்க வருகிறவரின் வக்கீல் முதலில் கேட்பதும் இதைத்தான்: கடைசி இரண்டு மூன்று வருஷத்து மினிட்ஸ் புத்தகம், ஆண்டுக் கணக்கு, வெளிச்சுவர் அறிக்கை, 2030 கார்பன் வரம்புக்கு என்ன திட்டம். ஒழுகல் புகார் எத்தனை முறை வந்திருக்கிறது, யார் மீது வழக்கு நடக்கிறது, சிறப்பு வசூல் பற்றிப் பேச்சு அடிபட்டதா என்று வரிவரியாகப் பார்ப்பார். இது தெரிந்த போர்டு வக்கீல்கள் மறுபக்கம் வேறு ஆலோசனை சொல்லிக்கொடுக்கிறார்கள்: மினிட்ஸில் முடிவை மட்டும் எழுதுங்கள், விவாதத்தை எழுதாதீர்கள்.